நூல் கொடுத்து 18 லட்சம் நிற்கிறது. முன்பே தெரிந்துகொண்டிருக்க முடியுமா?

நூல்மூட்டை (திருப்பூர்)

வணக்கம். மில்லில் நூல் எடுத்து பனியன் கம்பெனிகளுக்கு 45 நாள் கடனில் கொடுப்பது என் தொழில். ஏழு வருடம் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி தீபாவளி முடிந்த கையோடு ஷட்டரை இறக்கிவிட்டது. எனக்கு வரவேண்டியது 18 லட்சம். ஆள் கெட்டவர் இல்லை. என் மகள் காதுகுத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டுப் போனவர்.

லெட்ஜரை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்தேன். எல்லாம் அதிலேயே இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் பில் வாரியாகக் காசு வரும். பில் 3,46,220 என்றால் வரவும் 3,46,220. கடை சாத்துவதற்கு எட்டு மாதம் முன்பிருந்து 2 லட்சம், 1 லட்சம், ஒன்றரை லட்சம் என்று பில்லோடு ஒட்டாத ரவுண்டுத் தொகையாக வந்திருக்கிறது. எந்த பில்லுக்கு என்று கேட்டால் "கணக்கில் வரவு வைங்க" என்பார். காசு வருகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆர்டர் கூடியது. மாதம் 20 மூட்டை எடுப்பவர் 35 எடுத்தார். தொழில் வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வேறு இரண்டு கடைக்காரர்கள் அவருக்குக் கடனை நிறுத்தியிருந்தார்கள், அந்த ஆர்டரும் சேர்ந்து என் தலையில் விழுந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. விலை பேசுவதையும் நிறுத்தியிருந்தார். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கும் மனிதர், "போடுற விலையைப் போடுங்க" என்றார். விலை பேசுகிறவன்தான் காசு கொடுக்க நினைக்கிறவன் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் இன்னொரு கூத்து. 6 லட்சத்துக்கு செக் கொடுத்து, "நான் சொல்லும்போது போடுங்க" என்றார். நானும் பீரோவில் வைத்திருந்தேன். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான் என்பது நான்காவது மாதம்தான் நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள்.

நீங்கள் பார்த்த அறிகுறிகள் என்ன? கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் இருவரும் சொல்லுங்கள்.

பதினாலு மெஷின் (அனுப்பர்பாளையம்)

அண்ணா, நான் பவர்டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) வைத்திருக்கிறேன். எங்களுக்கு லெட்ஜரெல்லாம் கிடையாது, சனிக்கிழமைதான் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். நல்ல கம்பெனி வெள்ளிக்கிழமையே ஜாப் ஒர்க் பணத்தைப் போட்டுவிடும். ஆட்டம் காணுகிற கம்பெனியில் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பாதிப் பணம் வரும், மீதி "திங்கக்கிழமை".

இன்னொன்று பீஸில் தெரியும். இரண்டு வருடமாக ஒரு குறையும் சொல்லாத செக்கிங், திடீரென்று ஊசி ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் வளைவு என்று பில்லில் பணம் பிடிக்க டெபிட் நோட் அனுப்பும். காசு இல்லாதவனுக்குத்தான் பீஸில் ஓட்டை தெரியும்.

கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டால் உடனே விசாரித்துவிடுவேன். அவர்கள் சும்மா போக மாட்டார்கள். முதலாளிக்கு ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்பது முதலாளிக்கு அடுத்து அவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனி வாசலில் உள்ள டீக்கடையில் பாக்கி எவ்வளவு என்று கேட்டாலும் போதும்.

வரிக்கணக்கு (ஈரோடு)

டீக்கடை வரைக்கும் போக முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய சில வழிகள். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன்.

ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால், எந்தெந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேதிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். 20, 20, 19, 20 என்று வந்தது 27, அடுத்த மாதம் 8, அதற்கடுத்து காலி என்று ஆனால் அங்கே பணம் இல்லை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற அந்த ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வரியையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதனால்தான் அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு எச்சரிக்கை: 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். அவர் பட்டியலில் மாதங்கள் விடுபட்டிருந்தால் அது குற்றமில்லை. தொடர்ந்து இரண்டு தவணை 3பி போடாவிட்டால் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் எடுக்க முடியாமல் முடங்கும். "வண்டியை உங்கள் பேரில் பில் போட்டு அனுப்புங்க" என்று யாராவது கேட்டால் இதுவாக இருக்கலாம்.

பிஎஃப் தளத்திலும் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் மாதாமாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று வரும். 140 பேர் 90 ஆகி 55 ஆவது அங்கே தெரியும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில் யாரிடம் சொத்தை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. வங்கியின் பெயர் மட்டும் இருந்த இடத்தில் வரிசையாக நிதி நிறுவனப் பெயர்கள் ஏறினால் யோசியுங்கள். நம் ஊரில் இன்னொரு வசதி வில்லங்கச் சான்று. பத்திரம் வைத்து வாங்கிய கடனைப் பதிவு செய்திருந்தால் அதில் வந்துவிடும்.

செக் விஷயத்தில் சிரிக்கவில்லை அண்ணா, வருடத்துக்கு நான்கு பேர் இதே கதையோடு வருகிறார்கள். செக்கைப் போட்டு, அது திரும்பி, தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் 138 வழக்குக்கே (செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு) வழி. பீரோவில் இருக்கும் செக்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சிவில் வழக்குதான் மிச்சம்.

கண்டெய்னர்

ரேட்டிங் நிறுவனங்கள் தரும் கடன் ரேட்டிங்கைப் பார்த்தால் போதாதா? எதற்கு டீக்கடை?

வரிக்கணக்கு (ஈரோடு)

ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் 2018 செப்டம்பரில் கடன் தவணை தவறியது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அதற்கு ஏஏஏ, அதாவது உச்சபட்ச ரேட்டிங். எனக்கு டீக்கடையே போதும்.

காலர் நெக் (திருப்பூர், ஏற்றுமதி)

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் கடன் வாங்கி நூல் எடுக்கிறவன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எனக்கு என்ன ஆனது தெரியுமா? தைத்து முடித்த சரக்குக்கு பையர் தள்ளுபடி கேட்டார். புது ஆர்டரை "பொறுங்கள்" என்றார். 60 நாளில் வரும் பணம் 110 நாள் ஆனது. நீங்கள் சொன்ன அறிகுறி அத்தனையும் என்னிடம் இருந்தது. ரவுண்டுத் தொகையாகக் கொடுத்தேன், சனிக்கிழமை தாமதித்தேன், ஆளைக் குறைத்தேன். நான் ஓடிப்போகவில்லை. இப்போது ஐரோப்பிய ஆர்டர் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் ஒரு நூல்கடைக்காரர் சரக்கை நிறுத்தினால் மதியத்துக்குள் டையிங்காரருக்குத் தெரியும், சாயங்காலம் பிரிண்டிங்காரர் போன் செய்வார். நாளைக்கு விழக்கூடியவனை இன்றைக்கே தள்ளிவிடுகிற வேலை அது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னபோது ஊரே பணம் கொடுக்க முடியாமல் நின்றது. 2022-இல் பஞ்சு விலை கண்டிக்கு (சுமார் 356 கிலோ) ஒரு லட்சத்தைத் தாண்டியபோது நூல் விலையில் செத்தோம். அப்போதெல்லாம் தாமதித்தவன் எல்லாம் ஏமாற்றுக்காரனா?

நூல்மூட்டை (திருப்பூர்)

நியாயம்தான் அண்ணா. ஆனால் உங்களையும் என் ஆளையும் நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

காலர் நெக் (திருப்பூர், ஏற்றுமதி)

நான் செப்டம்பர் முதல் வாரமே நூல்காரர் மூன்று பேரையும் நேரில் பார்த்தேன். பையரின் மெயிலைக் காட்டினேன். "70 நாள் ஆகும், அதுவரை புதுச் சரக்கு பாதிதான் எடுப்பேன்" என்றேன். உங்கள் ஆள் கேட்டது கூடுதல் சரக்கு. நான் கேட்டது கூடுதல் நாள். அங்கேயே வித்தியாசம் இருக்கிறதே?

பதினாலு மெஷின் (அனுப்பர்பாளையம்)

இதை ஒத்துக்கொள்கிறேன். கூடுதல் சரக்கு எடுத்து என்ன செய்தார் என்று கேட்டீர்களா நூல்மூட்டை அண்ணா? தைப்பதற்கு ஆர்டர் இல்லாதவர் 35 மூட்டையை என்ன செய்வார்? கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து ரொக்கத்துக்குத் தள்ளியிருப்பார். உங்கள் நூலை விற்று வேறு எவனுக்கோ வட்டி கட்டியிருப்பார்.

நூல்மூட்டை (திருப்பூர்)

ஆமாம். அதில் நான்கு மூட்டை என் பக்கத்துக் கடைக்கே வந்திருக்கிறது. மில் லேபிளைப் பார்த்து இப்போதுதான் சொல்கிறார்.

பழைய கேபின்

வங்கியில் 34 வருடம், கடைசிப் பன்னிரண்டு வருடம் கிளை மேலாளர். இப்போது ஓய்வு. சும்மா படித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிசி கணக்கு (சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் காட்டி லிமிட் வரை எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) மூச்சு விட வேண்டும். சரக்கு வாங்கும்போது ஏறும், விற்றுக் காசு வரும்போது இறங்கும். லிமிட் 75 லட்சம் என்றால் மாதத்தில் சில நாளாவது 50-க்கு வர வேண்டும். மாதம் முழுக்க 74.8, 74.9, 74.7 என்று முகட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கணக்கில், சரக்குக்கான பணம் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் வீடு. சிசி பணத்தில் மாடி கட்டியவர்களை ஒரு பேருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருட விற்பனை 6 கோடி என்று ஜிஎஸ்டி சொல்லும், எங்கள் கணக்கில் வரவு 3 கோடிதான் வந்திருக்கும். மீதி வேறு வங்கி வழியாகப் போகிறது. வங்கிக்கு மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் சரக்கு ஜனவரியில் 42 லட்சம், பிப்ரவரியில் 42.5, மார்ச்சில் 42. பஞ்சு விலை அந்த மாதம் எப்படி ஆடினாலும் இவர் சரக்கு ஆடாது. ஒரு கோடவுனுக்குப் போனேன். முன்வரிசை மூட்டைகள் பளபளவென்று இருந்தன. பின்வரிசையில் விரலால் என் இன்ஷியலை எழுதினேன். மறுமாதம் போனபோதும் அந்த எழுத்து அப்படியே இருந்தது.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கணக்கு வாராக் கடனாகிவிடக் கூடாது என்பதற்காக, பழைய வட்டியைக் கட்டுவதற்கே புதிதாகத் தற்காலிக லிமிட் கொடுத்தேன். மார்ச் முடிந்தது, கிளைக் கணக்கு அழகாக இருந்தது. அடுத்த மார்ச்சில் அவருடைய கடன் ஒன்றரை மடங்கு, கம்பெனி இல்லை. ஆரம்பத்திலேயே கையைப் பிடித்திருந்தால் ஒரு மெஷின் வரிசையை விற்றுத் தப்பித்திருப்பார்.

நூல்மூட்டை தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கும் சிசி இருக்கும். போன மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இந்த 18 லட்சத்தை எங்கே காட்டினீர்கள்?

நூல்மூட்டை (திருப்பூர்)

சார்... வரவேண்டிய பாக்கியில்தான். 90 நாளுக்குள் என்ற கட்டத்தில்.

பழைய கேபின்

எதிர்பார்த்தேன். லிமிட், சரக்கு, மில்லுக்குத் தர வேண்டியது, மொத்தப் பாக்கி, இன்றைய நிலுவை இந்த ஐந்து எண்ணையும் போடுங்கள். பெயர் வேண்டாம்.

நூல்மூட்டை (திருப்பூர்)

லிமிட் 75. சரக்கு 42. மில்லுக்கு 18. பாக்கி 76, அதில்தான் அந்த 18 இருக்கிறது. நிலுவை 73. மார்ஜின் (வங்கி கடன் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கு) சரக்கு, பாக்கி இரண்டுக்கும் 25 சதவீதம்.

பழைய கேபின்

நீங்கள் கொடுத்த ஸ்டேட்மெண்டின்படி: சரக்கு 42-இல் மில் பாக்கி 18 போக 24. அதில் முக்கால் பங்கு 18 லட்சம். பாக்கி 76-இல் முக்கால் 57. ஆக டிராயிங் பவர் (நீங்கள் எடுக்கத் தகுதியுள்ள தொகை) 75. லிமிட்டும் 75. அழகாகப் பொருந்துகிறது.

உண்மையில்: கெட்டுப்போன 18-ஐ எடுத்துவிட்டால் பாக்கி 58. அதில் முக்கால் 43.5. கூட்டினால் 61.5. நீங்கள் எடுத்திருப்பது 73. பதினொன்றரை லட்சம் வராத பாக்கியின் மீது எடுத்த கடன்.

உங்களிடம் கடன் வாங்கியவருடைய அறிகுறிகளைத் தேடி இந்தத் திரியைத் தொடங்கினீர்கள். உங்கள் மேலாளர் இதே திரியைத் தொடங்கினால் உங்களைப் பற்றி எழுதலாம். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நூல் கொடுக்கிறவர் வங்கியில் வாங்குகிறவர், பனியன்காரர் வாங்குகிறவர், பவர்டேபிள் அம்மா பனியன்காரருக்குக் கொடுக்கிறவர். ஒருவர் மறைத்தது அடுத்தவர் கணக்கில் போய் நல்ல பாக்கியாக உட்கார்ந்துகொள்கிறது.

நிலுவை டிராயிங் பவரைத் தாண்டித் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் நின்றால் எஸ்எம்ஏ-1 (தடுமாறும் கணக்கு என்ற முத்திரை), 60 தாண்டினால் எஸ்எம்ஏ-2, 90 தாண்டினால் வாராக் கடன். உங்கள் ஸ்டேட்மெண்டை நம்பியதால் அந்தக் கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஆடிட்டில் பிடித்தால் அன்றைக்கு ஓடுவது கடிகாரத்தோடு நிற்காது. தப்பான ஸ்டேட்மெண்ட் கொடுத்தீர்கள் என்ற கேள்வியும் சேரும்.

நூல்மூட்டை (திருப்பூர்)

இரண்டு நாளாக இங்கே வரவில்லை, மன்னிக்கவும். ராத்திரி தூக்கம் வரவில்லை. வங்கிக்குப் போய்ச் சொன்னால் லிமிட்டைக் குறைத்துவிட மாட்டார்களா சார்? 11.5 லட்சத்தை உடனே கட்டச் சொன்னால் எங்கே போவேன்?

வரிக்கணக்கு (ஈரோடு)

வெறுங்கையோடு போகாதீர்கள் அண்ணா. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு 25 கோடி வரையிலான கடனுக்கு, நலிவு தெரிந்த உடனே சீரமைக்க ரிசர்வ் வங்கியின் வழிமுறை 2016-இலிருந்தே இருக்கிறது. வங்கியே ஆரம்பிக்கலாம், தொழில் தடுமாறப்போகிறது என்று நினைக்கிற கடனாளியும் தானாக விண்ணப்பிக்கலாம். 10 லட்சத்துக்கு மேல் என்றால் அதற்கென உள்ள குழுவுக்குப் போகும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த வழிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றது. கூடவே, நான் இந்த வகைத் தொழில் என்று ஆவணத்தோடு சொல்ல வேண்டிய பொறுப்பு கடனாளிக்கும் உண்டு என்றது, அதுவும் வாராக் கடன் ஆவதற்கு முன்பே. நோட்டீஸ் வந்தபிறகு ஓடிவந்து பயனில்லை. ஆனால் நீங்கள் நூல் வியாபாரி, உற்பத்தியாளர் இல்லை. வியாபாரிகளுக்கான உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். உங்களுக்கு அந்த வழி திறக்குமா என்பதை வங்கியிடமே கேளுங்கள்.

காலர் நெக் அண்ணனிடம் பணம் நிற்கும் தையல், நிட்டிங்காரர்களுக்கு ஒன்று: உதயம் பதிவுள்ள குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருடம்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். அம்மா, பதிவு இருக்கிறதுதானே?

பதினாலு மெஷின் (அனுப்பர்பாளையம்)

இருக்கிறது. பில்லில் எண்ணையும் போடுகிறேன். "எதுக்கும்மா அதெல்லாம் போடறீங்க" என்று ஒரு கம்பெனி கேட்டது. அன்றைக்கே அதற்குத் தைப்பதைக் குறைத்துவிட்டேன்.

மூடின கடை

பெயரே சொல்லும். கரூர்ப் பக்கம் மேஜைவிரிப்பு, திரைச்சீலை நெய்து அனுப்பினேன். முடிந்து ஐந்து வருடம். உள்ளே இருந்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

முதல் அறிகுறி என்னிடம் என்ன தெரியுமா? கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறப்பதை நிறுத்தினேன். முன்பு காலையில் ஆபீஸ் வந்ததும் பாக்கிப் பட்டியல் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு "இன்னைக்கு யாருக்குக் கொடுத்தே ஆகணும்?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்வி வந்த தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு 14 மாதம் கழித்துத்தான் வங்கிக்குத் தெரிந்தது.

அந்த 14 மாதத்தில் மனைவி நகை, மைத்துனரிடம் கைமாற்று, சீட்டைத் தள்ளி எடுத்தது, பிறகு ஜாமீன் கேட்காத நிதி நிறுவனக் கடன், கடைசியில் மீட்டர் வட்டி. ஒவ்வொன்றும் முந்தையதை அடைக்க வாங்கியது. வங்கிக்கு மட்டும் தவணை தவறவே இல்லை. மேலாளர் என்னை மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொல்வார். இதுதான் கொடுமை.

நூல்மூட்டை அண்ணா, நான் போயிருக்க வேண்டிய மாதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

பழைய கேபின்

தம்பி, இதற்குப் பிறகு நான் சொல்ல ஒன்றுமில்லை. போகும்போது கொண்டுபோக வேண்டியவை: திருத்திய ஸ்டேட்மெண்ட், வயது வாரியாகப் பாக்கிப் பட்டியல், அந்த 18-க்கு எடுத்த நடவடிக்கையின் நகல், அடுத்த ஆறு மாதம் மாதம் எவ்வளவு இறக்குவீர்கள் என்று ஒரு தாள். மாதக் கடைசியில் போகாதீர்கள், அந்த வாரம் மேலாளருக்கு மூளை வேலை செய்யாது. ஐந்தாம் தேதிக்கு மேல், காலையில் போங்கள்.

நூல்மூட்டை (திருப்பூர்)

ஏழாம் தேதி போனேன்.

மேலாளர் சின்ன வயது. தாளைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "எத்தனை மாதமாக இப்படி?" என்றார். மூன்று என்றேன். "ஏன் சொல்றீங்க இப்போ?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் திரியைப் பற்றியா சொல்ல முடியும்?

நான்கு லட்சம் உடனே, மீதி ஏழரையை ஐந்து மாதத்தில் இறக்குவதாக எழுதிக் கொடுத்தேன். மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. கோடவுனைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அந்த நான்கு லட்சத்துக்கு வண்டியை விற்கிறேன்.

இன்றைக்கு மதியம் இன்னொரு கம்பெனியிலிருந்து போன். 30 கவுண்ட் கோம்டு நூல், 15 மூட்டை வேண்டுமாம். விலை என்ன என்று கேட்கவில்லை. நானே சொன்னேன், சரி என்றார். லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசி மூன்று வரவு: 1,00,000, 1,50,000, 1,00,000.

பதினாலு மெஷின் (அனுப்பர்பாளையம்)

அண்ணா, எந்தக் கம்பெனி? தனியாக மெசேஜ் போடுங்கள். நாளைக்குச் சனிக்கிழமை.